கேஸ் ஷீட்டில் நான் எழுதிய ஒரு வரி

கைக்கு ஸ்பிளின்ட், அதாவது அடிபட்ட கையைத் தாங்கிப் பிடிக்கும் சாதனம், செய்து கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் கேஸ் ஷீட்டில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பிப் போய் அடித்துவிட முடியாதா என்று இன்றைக்கும் தோன்றுகிறது. நாங்கள் அதை இங்கிலீஷில்தான் எழுதுவோம். தமிழில் சொன்னால், ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’. ஸ்பிளின்ட் செய்து கொடுத்தோம், அவர் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் பலன் இல்லை என்று அர்த்தம். எழுத ஐந்து நொடி ஆகாது. எழுதி முடித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கைக்கு என்ன ஆனாலும் பொறுப்பு அந்தக் கைக்கு உரியவருடையது.

மதுரையில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அக்காவைப் பற்றி அப்படி எழுதினேன். ஐம்பதைத் தாண்டிய வயது. மகன் ஓட்டிய வண்டியின் பின்சீட்டில் இருந்து விழுந்ததில் வலது மேல்கை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. அந்த எலும்பின் நடுப்பகுதியில்தான் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த உதவும் ரேடியல் நரம்பு எலும்போடு ஒட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப் போகிறது. எலும்பு முறியும்போது சில நேரம் நரம்பும் அடி வாங்கும். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு எழும்பவில்லை. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் துவண்டு தொங்கும். நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். நரம்பு திரும்பி வளரும் வேகம் நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மேல்கையின் நடுவில் இருந்து முன்கையின் தசையை எட்டிப் பிடிக்க நான்கைந்து மாதம் ஆகும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிளின்ட் வேண்டும் என்று என்னிடம் அனுப்பினார்கள்.

மணிக்கட்டு தொங்கினால் ஏன் கையே போய்விட்ட மாதிரி ஆகிறது என்பதை நான் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துப் புரியவைப்பேன். நீங்களும் செய்து பாருங்கள். மணிக்கட்டை நன்றாகக் கீழே மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பிடியுங்கள். இறுகாது. விரலை மடக்கும் தசைகள் பழுதில்லாமல் இருந்தும் இறுகாது. மணிக்கட்டைச் சுமார் 30 டிகிரி மேலே தூக்கிக்கொண்டு பிடித்தால் அதே விரல்கள் கெட்டியாகப் பிடிக்கும். அந்த 30 டிகிரியைக் கொடுப்பதற்குத்தான் காக்-அப் ஸ்பிளின்ட். உள்ளங்கையின் கீழ் ஒரு பட்டை, முன்கையின் அடியில் ஓடு மாதிரி ஒரு தாங்கி, மேலே மூன்று வெல்க்ரோ வார். படிப்பை முடித்த முதல் மாதத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்துவிடும் வேலை இது. அதுதான் வினையாகப் போனது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஸ்பிளின்ட் செய்யும் பிளாஸ்டிக் ஷீட் விலை கூடியது, அதனால் வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை எடுத்து வைத்திருப்போம். அந்தத் துண்டுகளில் ஒன்று இவருக்குச் சரியாக இருக்கும் போலத் தோன்றியது. சுடுதண்ணீரில் போட்டேன். 60, 70 டிகிரியில் அது இளகி மாவுத்தோசை போலத் துவளும். எடுத்து, துடைத்து, கையின் மேல் படியவைத்தால் சில நிமிடத்தில் கெட்டியாகிவிடும். முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பாடம். அவருடைய முன்கைக்கு 16 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். துண்டு 10 சென்டிமீட்டர்தான் கொடுத்தது. பரவாயில்லை, மணிக்கட்டு தூக்கி நிற்கிறதே என்று கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். ஸ்பிளின்ட் கையில் இல்லை, மஞ்சப்பையில் இருந்தது. கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே புதிதாக இருந்தது.

“போட்டீங்களாக்கா?”

“போட்டேன் மேடம். வீட்டுல சும்மா இருக்கும்போது போட்டேன்.”

எங்களுக்குப் பழக்கமான பதில் அது. கொஞ்சம் குரலை உயர்த்தியே பேசினேன். நரம்பு வருவதற்குள் தசை இழுபட்டுப் போய்விடும், மூட்டு இறுகிவிடும், அப்புறம் நரம்பு வந்தும் பிரயோசனம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் போனதும் அந்த வரியை எழுதினேன்.

நான் சொன்னதை அவர் கேட்டார்

அடுத்த இரண்டு வாரமும் அவர் அந்த ஸ்பிளின்ட்டைக் கழற்றவே இல்லை. நான் திட்டியதால்தான். பூக்கட்டும்போதும் போட்டிருந்தார், தூங்கும்போதும் போட்டிருந்தார். மறுபடி வந்தபோது வெல்க்ரோவின் ஓரத்தில் வாழைநாரின் இழைகள் சிக்கியிருந்தன. வார் முழுக்க ஈரம். நார் காயாமல் இருக்கத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெருமுனையில் தினமும் பார்க்கிற காட்சிதான். ஸ்பிளின்ட் செய்யும்போது அது என் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

“இந்தப் பக்கந்தான் மேடம், உயிரு போகுது” என்று மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினார். புறங்கையில், சுண்டுவிரலுக்கு நேராக மணிக்கட்டில் ஓர் எலும்பு மேடு இருக்கிறதல்லவா, அங்கே நாலணா அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்துத் திரும்பவில்லை, சிவப்பு அப்படியே நின்றது. ஸ்பிளின்ட்டைக் கழற்றி கால் மணி நேரம் ஆகியும் போகாத சிவப்பு என்றால் கட்டாயம் மாற்றியாக வேண்டும். முன்கையின் அடியில், ஸ்பிளின்ட் முடியும் இடத்தில், கத்தியால் கீறிய மாதிரி குறுக்கே ஒரு கோடு. இவ்வளவும் அவர் சொன்னது, காட்டியது.

அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. கையைத் திருப்பிக் கட்டைவிரல் பக்கம் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், வாரின் ஓரம் உரசும் இடத்தில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. ஈரம் பட்டு ஊறி, வெள்ளையாகி, நடுவில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

“இது எப்போ வந்துச்சுக்கா?”

அவர் குனிந்து பார்த்தார். “அட, இதென்னது?”

அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்துக்கு உணர்ச்சி கொடுப்பதும் அதே ரேடியல் நரம்புதான். மணிக்கட்டை விழவைத்த நரம்பு, அந்தச் சின்னப் பரப்பின் தோலையும் மரத்துப் போக வைத்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் வேறு நரம்பு, அது நன்றாக இருக்கிறது, அதனால் வலித்தது. கட்டைவிரல் பக்கம் வலிக்கவில்லை, அதனால் புண்ணாகிவிட்டது.

அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் மூன்று வாரம் இவர் அதைக் கழற்றி வைத்தது கையைக் காப்பாற்றியிருக்கிறது. வலி சொன்னதைக் கை கேட்டிருக்கிறது. நான் திட்டி, வலியை மீறிப் போடவைத்து, புண்ணை வரவழைத்திருக்கிறேன். ஒத்துழைக்காதது எது? அவர் கையா, நான் செய்த ஸ்பிளின்ட்டா?

அன்றிரவு போட்ட கணக்கு

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் அந்த ஸ்பிளின்ட்டைப் படம் போட்டேன். கல்லூரியில் பரீட்சைக்காக வரைந்த அதே படம்தான். மூன்று அம்புக்குறி. உள்ளங்கையில் ஒன்று மேல் நோக்கி, முன்கையின் மறுமுனையில் ஒன்று மேல் நோக்கி, நடுவில் மணிக்கட்டின் மேல் ஒன்று கீழ் நோக்கி. இதை மூன்று புள்ளி அழுத்தம் என்போம். நடுவில் விழும் விசை, இரண்டு ஓரத்து விசைகளையும் கூட்டிய அளவு இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஆடும் ஏற்றப்பலகையில் இரண்டு பக்கமும் உட்காருகிறவர்களின் எடை முழுவதையும் நடுவில் இருக்கும் கட்டைதானே தாங்குகிறது, அப்படி.

பரீட்சையில் அம்புக்குறி போட்டால் மதிப்பெண் உண்டு. அம்புக்குறிக்குப் பக்கத்தில் எண் போட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போட்டேன். மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையின் எடை மட்டும் உடல் எடையில் ஏறத்தாழ 0.6 சதவீதம். அவர் 58 கிலோ, அப்படியானால் கை 350 கிராம். அந்த எடையின் மையம் மணிக்கட்டில் இருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டேன். 350-ஐ 7-ஆல் பெருக்கினால் 2450. இந்தத் திருப்புவிசையை ஸ்பிளின்ட்டின் மறுமுனை சமன்செய்ய வேண்டும். மறுமுனை 10 சென்டிமீட்டரில் இருந்தால் அங்கே 245 கிராம் அழுத்தும். 16 சென்டிமீட்டரில் இருந்தால் 153 கிராம்தான். ஆறு சென்டிமீட்டர் ஷீட்டை மிச்சம் பிடித்ததற்கு, அந்த அம்மாவின் முன்கை 60 சதவீதம் கூடுதலாகச் சுமந்திருக்கிறது. அதுவும் வெறும் கைக்கு. கையில் எதையாவது எடுத்தால் எல்லாமே கூடும். அந்தக் கீறல் கோட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சரி, நீளத்தைக் கூட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று முதலில் நினைத்தேன். நடு அம்புக்குறியின் கணக்கைப் போட்டபோது அந்த நிம்மதி போனது. குட்டை ஸ்பிளின்ட்டில் மணிக்கட்டு வாரின் மேல் விழுவது 350-உம் 245-உம் சேர்ந்து 595 கிராம். நீளமானதில் 350-உம் 153-உம் சேர்ந்து 503 கிராம். ஆறில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை. அந்த எலும்பு மேட்டின் சிவப்பை நீளம் மட்டும் போக்காது. விசையைக் குறைக்க வழி இல்லையென்றால் அதைப் பரப்பித்தான் ஆக வேண்டும். நான் போட்ட வார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். ஆனால் அது கையில் முழுதாகப் படியவில்லை. அந்த எலும்பு மேட்டில்தான் உட்கார்ந்திருந்தது, போனால் 2 சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் அளவில் அழுத்தம்.

இந்த 300 பெரிதா சின்னதா என்று தெரிய இன்னோர் எண் வேண்டும். 1930-இல் லாண்டிஸ் என்பவர் விரல் நகத்தின் அடித்தோலில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் உள்ளே வரும் முனையில் அது சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம். கிராமில் மாற்றினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 44. எல்லார் தோலுக்கும் பொதுவான எல்லைக்கோடு என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் நெடுநேரம் இதைத் தாண்டி அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது தடைப்படும் என்று பயப்பட வேண்டிய எண் இது. 44 எங்கே, 300 எங்கே. அந்த அம்மா ராத்திரி முழுக்க அதோடு படுத்திருந்திருக்கிறார். பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதே விசையை மேல்பக்கம் முழுக்க அணைத்த மாதிரி படியும் ஓட்டில், 30 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 17 கிராம் கூட வராது. எலும்பு மேட்டை மட்டும் தொடாமல் விட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஷீட்டைப் படியவைப்பதற்கு முன்பே எலும்பின் மேல் சின்னதாக ஒரு மெத்தை ஒட்டிவிட்டு, அதன் மேல் ஷீட்டைப் படியவைக்க வேண்டும். பிளாஸ்டிக் அங்கே குமிழ் விட்டு நிற்கும். அவசரத்தில் நிறைய பேர், நானும்தான், முதலில் படியவைத்துவிட்டு அப்புறம் வலிக்கிறது என்று வந்தால் உள்ளே பஞ்சு ஒட்டுவோம். அது இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போடுகிற வேலை. மெத்தென்று தெரியும், அழுத்தம் கூடியிருக்கும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

வலி தெரியாத இடத்தில் புண் வந்ததைப் பார்த்தபிறகு எனக்கு டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) என்பவரின் நினைவு வந்தது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்லை. 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு, வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து வேலை செய்யாத இடத்துக்கு மாற்றிப் பொருத்தும் அறுவைசிகிச்சையை அங்கே வளர்த்தெடுத்தார். 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் அப்போது இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் அங்கேயும் இதே கேள்விகளோடு வேலை செய்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் தினப்படி வேலையில் அடிபட்டு அடிபட்டுத்தான் குட்டையாகின்றன என்று எடுத்துக்காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் சொன்ன ஒரு சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. சோனியாக இருந்த ஒரு சிறுவன், அங்கே சிகிச்சை பெறுகிறவன், சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். இவனுக்கு எப்படி இவ்வளவு பலம் என்று பார்த்தால், சாவியின் ஓரம் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. நான் இதை மாணவியாக இருந்தபோது கேட்டு, வலியின் மதிப்பைச் சொல்லும் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரியும் தெரிகிறது. அந்தச் சாவியின் ஓரம் எத்தனை சதுர மில்லிமீட்டர்? நாம் அந்தச் சாவியை விட்டுவிடுவதற்கு நம் தோல்தான் காரணம். எத்தனை விசை, எத்தனை பரப்பு என்று அது நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது. தாங்காது என்றதும் கையை எடுக்கச் சொல்கிறது. என் நோயாளிக்குக் கட்டைவிரல் பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட ஆள் இல்லை. அங்கே நான் போட்டிருக்க வேண்டும்.

பிராண்டிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ரேடியல் நரம்போடு நிற்பதில்லை. மடங்கி இறுகிப்போன விரலை நிமிர்த்த ரப்பர் பேண்ட் வைத்த ஸ்பிளின்ட் போடுவோம். பலமாக இழுத்தால் சீக்கிரம் நிமிரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் இரண்டு ரப்பர் பேண்டை மூன்றாக்கிவிட்டு வருவார்கள். பிராண்ட் இதற்கு நேர் எதிராகச் சொன்னார். இறுகிய திசுவைப் பலமாக இழுத்தால் உள்ளே கிழியும், வீங்கும், ஆறும்போது இன்னும் இறுகும். மிதமான இழுவையை நெடுநேரம் வைத்தால் திசு அந்த இழுவைக்கு ஏற்ப வளர்ந்து நீளும். விரலின் சின்ன மூட்டுகளுக்கு 100 முதல் 300 கிராம் வரை போதும் என்றே சொல்லித்தருகிறார்கள். இந்தக் கணக்கு போட்ட இரவுக்குப் பிறகு நான் ஒரு சின்ன ஸ்பிரிங் தராசு வாங்கினேன். அதற்கு முன்பு நான் ‘மிதமாக’ என்று கைக்குத்துமதிப்பில் மாட்டிய ரப்பர் பேண்டுகளை அதில் மாட்டிப் பார்த்தேன். சிலது 500 கிராமைத் தொட்டது.

பூக்கட்டும் கைக்கு

புண் ஆறும் வரை ஸ்பிளின்ட் வேண்டாம், பகலில் மணிக்கட்டை மடியில் தாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து அவர் வந்தபோது முறை வர நேரமானது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பூக்கட்டத் தொடங்கிவிட்டார். நான் கதவருகே நின்று பார்த்தேன். இடது கை பூவையும் நாரையும் பிடித்திருந்தது. வலது முன்கையை முழங்காலின் மேல் சாய்த்து, முழங்கால் முட்டியே மணிக்கட்டைத் தாங்கும்படி வைத்திருந்தார். நாரைச் சுற்றி இழுக்கும்போது கையை முழங்காலில் அழுத்தி மணிக்கட்டை நிமிர்த்தினார், விரல்கள் நாரைக் கவ்வின. விட வேண்டிய நேரத்தில் கையை முழங்காலில் இருந்து நகர்த்தினார், மணிக்கட்டு தொங்கியது, விரல்கள் தானாகத் திறந்து நாரை விட்டன. மெதுவாகத்தான். ஆனால் முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது.

பிடிப்பதற்கு உதவுவது காக்-அப் ஸ்பிளின்ட். விடுவதற்கு அது உதவாது. ரேடியல் நரம்பு போனால் மணிக்கட்டோடு விரல் முட்டிகளும் விழுந்துவிடும். எதையாவது எடுக்க முதலில் கையைத் திறக்க வேண்டுமே, அது முடியாது. இதில் கவனிக்க வேண்டியது, முட்டியில் மட்டும்தான் விரல் விழுகிறது. அதற்கு மேலே உள்ள இரண்டு கணுக்களையும் நிமிர்த்த உள்ளங்கையின் சின்னத் தசைகள் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு நரம்பு. ஆகவே தாங்க வேண்டியது விரலின் அடிப்பகுதியை மட்டும். அதோடு, மணிக்கட்டு தொங்கினால் விரல் திறப்பதும் நிமிர்ந்தால் மடங்குவதும் எல்லார் கையிலும் இருக்கிற இயல்பு. தசைநாண்களின் நீளம் மாறாததால் வருவது. அந்த அம்மா முழங்காலை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதைச் செய்யும் ஸ்பிளின்ட் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முன்பு சிலர் செய்ததைத் திருத்தி, அமெரிக்கக் கை சிகிச்சையாளர் ஜூடி கோல்டிட்ஸ் 1987-இல் விளக்கி எழுதியிருக்கிறார். படித்திருந்தேன், செய்ததில்லை. முன்கையின் மேல்பக்கம் மட்டும் ஒரு ஓடு. அதில் இருந்து கைக்கு மேலே நீளும் ஒரு கம்பி. கம்பியில் இருந்து நான்கு நூல் இறங்கி, நான்கு விரல்களின் அடிப்பகுதியை வளையம் போட்டுத் தாங்கும். நூல் நீளாத நூலாக இருக்க வேண்டும், ரப்பர் கூடாது. விரலை மடக்கினால் நூல் இறுகி மணிக்கட்டைத் தூக்கும். விரலைத் தளர்த்தினால் கை தன் எடையில் கீழே இறங்கும், அப்போது நூல் விரல்களைத் திறக்கும். உள்ளங்கை முழுக்க வெறுமையாக இருக்கும், நாரும் பூவும் தோலில் படும். காக்-அப் மாட்டிய கையால் அவர் கட்டியபோது உள்ளங்கையில் பிளாஸ்டிக் இருந்தது என்பதையே நான் யோசித்ததில்லை.

முழு ஷீட்டில் இருந்து 16 சென்டிமீட்டர் வெட்டினேன். எலும்பு மேட்டில் மெத்தை ஒட்டிப் படியவைத்தேன். ஓரங்களை எல்லாம் வெளிப்பக்கம் சற்று மலர்த்திவிட்டேன். கட்டைவிரல் பக்கத்து மரத்த தோலின் மேல் எதுவுமே படாமல் ஓட்டைக் குறைத்து வளைத்தேன். கம்பிக்கு சைக்கிள் கடையில் ஸ்போக், நூலுக்குத் தூண்டில் நரம்பு. கட்டைவிரலுக்கு வளையம் போடவில்லை. உள்ளங்கையை விட்டு அதை முன்னால் தூக்கும் தசை வேறு நரம்பில் பிழைத்திருந்தது, பூக்கட்ட அது போதும் என்று வராந்தாவிலேயே பார்த்திருந்தேன்.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. கம்பியைக் கொஞ்சம் குட்டையாக வளைத்துவிட்டேன். நூல் விரலுக்கு நேர் மேலே போகாமல் முட்டியை நோக்கிச் சாய்ந்து போனது. நூல் விரலுக்கு 90 டிகிரியில் இருந்தால் இழுக்கிற விசை முழுவதும் விரலைத் தூக்கும். 45 டிகிரியில் சாய்ந்தால் 200 கிராமில் 141 கிராம்தான் தூக்குகிறது, இன்னொரு 141 கிராம் எலும்பின் நீளவாக்கில் போய் மூட்டை அமுக்குகிறது. வளையங்கள் வழுக்கி விரலிடுக்கில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்ததும் புரிந்தது. கம்பியை இரண்டு சென்டிமீட்டர் நீட்டினேன், நின்றது. வளையத்துக்கு முதலில் மெல்லிய தோல் போட்டிருந்தேன். நார்த் தண்ணீரில் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. பழைய முழங்கால் உறை ஒன்றை வெட்டி அந்த நியோபிரீன் துணியில் மாற்றிக் கொடுத்தேன். வண்டிச் சீட்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், சித்திரை வெயிலில் நெளிந்துபோகும் என்று சொல்லி அனுப்பினேன். அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி, கட்டைவிரல் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், வலியை நம்பக் கூடாது என்பதையும் அவருக்கும் அவர் மகளுக்கும் சேர்த்தே சொன்னேன்.

மாதம் ஒரு முறை வந்தார். ஒருமுறை வாசலிலேயே நின்று, “பாருங்க மேடம், முழம் போடுறேன்” என்று அந்தக் கையாலேயே சரத்தை அளந்து காட்டினார். நான்காம் மாதம் மணிக்கட்டு லேசாக எழும்பியது. ரேடியல் நரம்பு திரும்பும்போது மணிக்கட்டுத் தசைகள்தான் முதலில் விழிக்கும், விரலும் கட்டைவிரலும் பிந்தி வரும். ஆறாம் மாதம் முட்டிகளும் தானாக நிமிர்ந்தன. அன்றைக்கு அவர் ஸ்பிளின்ட்டைப் பையில் இருந்து எடுத்து என் மேசையில் வைத்து, “இனி யாருக்காச்சும் ஆகட்டும்” என்றார்.

அவர் போனபிறகு அதை எடுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் வளையமும் நடுவிரலின் வளையமும் கறுத்து, ஓரம் நைந்து, மல்லிகை மணத்தோடு இருந்தன. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போட்ட வளையங்கள் புதிது போலவே இருந்தன. இரண்டையும் சேர்த்து மேலே தூக்கி, கம்பியோடு வாழைநாரால் கட்டி வைத்திருந்தார், பூச்சரத்துக்குப் போடும் அதே முடிச்சு. கட்டும்போது நார் போய் மாட்டும் இடங்கள் அவை இரண்டும். நான் நான்கு நூல் போட்டேன், அந்த வேலைக்கு இரண்டு போதும் என்று அவர் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி திட்டுவேன் என்று நினைத்திருக்கலாம்.

கேஸ் ஷீட்டை எடுத்து அதை அப்படியே படமாக வரைந்தேன். ஓடு, கம்பி, நான்கு வளையம், இரண்டு நாரால் கட்டியவை. பக்கத்தைத் திருப்பினால் பழைய வரி என் கையெழுத்தோடு இருந்தது.